கேமராவைக் கீழே வைத்த பிறகு: போர்ப் புகைப்படக்காரர்களின் மனக்காயம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புகைப்பட வகுப்புகளில் பிரிட்டிஷ் போர்ப் புகைப்படக்காரர் டான் மக்கலின் எடுத்த படங்களைத் திரையில் காட்டும்போதெல்லாம் ஒன்று நடக்கும். முதல் பத்து நிமிடம் லென்ஸ், ஃபிலிம், வெளிச்சம் என்று கேள்விகள் வரும். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர், "சார், இந்த மனுஷன் வீட்டுக்குப் போய் எப்படித் தூங்கினார்?" என்று கேட்பார். அதற்கப்புறம் லென்ஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்தான் இவை. நான் மருத்துவன் இல்லை. படங்களையும் எடுத்தவர்களின் வாழ்க்கையையும் நெடுநாளாகப் படித்து வருபவன். மருத்துவம் வரும் இடங்களில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

உயிரோடு திரும்பி வந்துவிட்டார்களே, பிறகு என்ன சிக்கல்?

களத்தில் கண்ணுக்கும் காட்சிக்கும் நடுவில் ஒரு கருவி இருக்கிறது. வெளிச்சம் போதுமா, ஃபிலிம் எத்தனை மிச்சம், அடுத்த குண்டு எந்தப் பக்கமிருந்து வரும் என்று மூளைக்கு ஓயாத வேலை. 1968 பிப்ரவரியில் வியட்நாமின் ஹுவே நகரச் சண்டையில், துப்பாக்கியை இரு கையாலும் பற்றிக்கொண்டு வெறித்தபடி உட்கார்ந்திருந்த ஓர் அமெரிக்க மரைன் சிப்பாயை மக்கலின் படமெடுத்தார். ஐந்து ஃபிரேம். ஐந்து நெகட்டிவிலும் ஒரு மாற்றமும் இல்லை. அந்த ஆள் இமைக்கக்கூட இல்லை. எல்லோரும் அந்தச் சிப்பாயின் கண்களைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அந்த ஐந்து தடவையும் நடுங்காத மக்கலினின் கைதான் கண்ணில் படுகிறது. சிப்பாய் அங்கேயே உடைந்துவிட்டான். படமெடுத்தவருக்கு அந்த நேரம் இன்னும் வரவில்லை.

அது ஊருக்குத் திரும்பிய பிறகு வருகிறது. சிப்பாய்க்குக் கூடவே சண்டை போட்ட நாலு பேர் இருப்பார்கள், பேசிக்கொள்ள. புகைப்படக்காரர் தனியாக விமானம் ஏறித் தனியாக இறங்குகிறார். மறுநாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும். அதோடு ஃபிலிம் காலத்தில் இன்னொன்றும் இருந்தது: எடுத்ததைக் கழுவி, எல்லா ஃபிரேமும் சின்னதாக அச்சான கான்டாக்ட் ஷீட்டில் உருப்பெருக்கி வைத்துத் தேடி, பிரிண்ட் போட வேண்டும். அன்றைக்கு ஒரு நொடி கண்டதை இங்கே மணிக்கணக்காகப் பார்க்க வேண்டும்.

இது வெறும் மனச்சோர்வா, நோயா? எப்படித் தெரிந்துகொள்வது?

பி.டி.எஸ்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் அந்தப் பெயரோடு இடம்பெற்றது. கூப்பிடாமலே காட்சி திரும்பி வருவது, கெட்ட கனவு. அதை நினைவூட்டும் ஆளையும் இடத்தையும் ஒதுக்குவது. எதிலும் ஒட்டாமல் மரத்துப்போவது, எல்லாம் தன் தப்பு என்று தோன்றுவது. உடம்பு எப்போதும் விறைப்பாகக் காவல் காப்பது, தூக்கம் கெடுவது, சள்ளென்று எரிந்துவிழுவது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. முதல் சில வாரங்கள் இப்படி இருப்பது பலருக்கும் இயல்புதான், தானாகவே தணிந்தும் போகும்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று நாம் கேலியாகச் சொல்கிறோம். பட்டாசுச் சத்தத்துக்கு மேசைக்கடியில் போய்விடுகிற ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தப் பழமொழியில் கேலி ஏதும் இல்லை. அது சரியான மருத்துவக் குறிப்பு.

போர்ச் செய்தியாளர்களில் எத்தனை பேருக்கு இது வருகிறது?

எல்லோரும் மேற்கோள் காட்டும் எண் 28.6 சதவீதம். கனடாவின் மனநல மருத்துவர் அந்தோணி ஃபைன்ஸ்டைனும் சக ஆய்வாளர்களும் 2002-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருவது. போர்ச் செய்தியாளர்கள் 140 பேர், போருக்குப் போகாத செய்தியாளர்கள் 107 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஆனால் நோயைக் கண்டறியும் முழு நேர்காணல் ஐந்தில் ஒருவருக்குத்தான் நடந்தது. ஆக அந்தச் சதவீதம் 28 பேரில் 8 பேர். சிறிய எண்ணிக்கை என்பதை மறக்காமல், அது காட்டும் திசையை எடுத்துக்கொள்ளலாம். வாழ்நாளில் இந்நோய் வந்தவர்களின் விகிதம் போர்முனைச் சிப்பாய்களின் விகிதத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மனச்சோர்வும் குடியும் மற்றச் செய்தியாளர்களைவிட அதிகம்.

இவ்வளவுக்கும் பிறகு, மற்றவர்களைவிட அவர்கள் அதிகமாகச் சிகிச்சைக்குப் போகவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

மக்கலின் எப்படிச் சமாளித்தார்?

முழுக்கச் சமாளித்ததாக அவரே சொல்லிக்கொண்டதில்லை. 1935-ல் பிறந்து, வடக்கு லண்டனின் ஃபின்ஸ்பரி பார்க்கில் வறுமையில் வளர்ந்தவர். பதின்வயதிலேயே தந்தையை இழந்தார். சைப்ரஸ், காங்கோ, வியட்நாம், நைஜீரியாவிலிருந்து பிரிய முயன்ற பியாஃப்ரா, கம்போடியா, வட அயர்லாந்து, பெய்ரூட் என்று இருபது வருடத்துக்கு மேல் போனார். சாவுக்குத் தப்பிய கதைகள் நிறைய உண்டு. அவருடைய நிக்கான் கேமரா ஒரு துப்பாக்கிக் குண்டை வாங்கிக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்தது. அதைவிட அவரைத் துரத்துவது வேறு மாதிரியான நினைவுகள்.

பியாஃப்ராவில், பட்டினியால் சாகும் நூற்றுக்கணக்கான குழந்தைகள் இருந்த ஒரு முகாமுக்குப் போகிறார். தோல் வெளுத்த, எலும்பும் தோலுமான ஒரு சிறுவன், காலியான இறைச்சி டின் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இவரையே பார்க்கிறான். இவர் பார்வையைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் படம் எடுக்கப் போகிறார். சற்று நேரத்தில் இவர் கைக்குள் ஏதோ நுழைகிறது. பார்த்தால் அந்தப் பையனின் கை. பையில் கிடந்த ஒரு மிட்டாயைக் கொடுத்தார். பையன் தள்ளிப்போய் நின்று அதை நக்கித் தின்றான். ஐம்பது வருடம் கழித்தும் பேட்டிகளில் அவர் இந்தப் பையனிடம்தான் வந்து நிற்கிறார். துப்பாக்கிக் குண்டைப் பற்றி அவரால் சிரித்துக்கொண்டு பேச முடியும். இந்த மிட்டாயைப் பற்றி முடியாது.

1982-ல் ஃபாக்லாந்து போருக்குப் போக அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1984-ல் சண்டே டைம்ஸ் பத்திரிகையிலிருந்தும் வெளியே வந்தார். முதல் மனைவியைப் பிரிந்திருந்தார். அந்த மனைவி 1988-ல் மூளைக்கட்டியால் இறந்துபோனார். அந்தக் குற்றவுணர்வையும் மக்கலின் மறைத்ததில்லை. இங்கிலாந்தின் சாமர்செட்டில் ஒரு கிராமத்து வீட்டில் குடியேறி, குளிர்காலத்தில் வயல்வெளிகளைப் படமெடுக்கத் தொடங்கினார். இலையுதிர்ந்த மரம், தண்ணீர் தேங்கிய வண்டித்தடம், கனத்த மேகம். நிலக்காட்சி மனசுக்கு ஆறுதல் என்று நாம் நினைப்போம். அந்தப் படங்களைப் பாருங்கள்: இருட்டறையில் வேண்டுமென்றே கறுப்பை ஏற்றி எடுத்த பிரிண்டுகள், சண்டை முடிந்த மைதானம் போலவே இருக்கும்.

போர்ப் படங்களின் நெகட்டிவ்களும் அதே வீட்டில்தான், அலமாரிகளுக்குள். அவற்றோடு சேர்ந்து வாழ்வது எப்படி என்று கண்டுபிடிப்பதற்கே மிச்ச வாழ்க்கை போயிற்று என்று தோன்றுகிறது. 2019-ல் லண்டன் டேட் பிரிட்டன் அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய கண்காட்சி நடந்தபோது பிரிண்டுகளை அவரே போட்டார். அப்போது வயது 83. தினமும் நடை, கைவேலை, தெரியாதவர்களிடமும் ஒளிக்காமல் பேசுவது: அவருக்குக் கைகொடுத்தவை என்று நான் பார்ப்பவை இவைதான். அவற்றை யாருக்கும் மருந்துச்சீட்டாக எழுதிக்கொடுக்க மாட்டேன்.

பேசாமல் மறந்துவிட முடியாதா? காலம் ஆற்றாதா?

லீ மில்லர் அதைத்தான் முயன்றார். நியூயார்க்கில் மாடல் அழகியாக இருந்து, பாரிஸில் புகைப்படம் கற்று, இரண்டாம் உலகப்போரில் வோக் பத்திரிகைக்காக அமெரிக்கப் படையோடு ஐரோப்பா முழுக்கப் போனவர். 1945 ஏப்ரலில் புக்கன்வால்ட், டாஹாவ் வதைமுகாம்களுக்குள் நுழைந்தார். இதெல்லாம் உண்மை, நம்புங்கள் என்று ஆசிரியருக்குத் தந்தி கொடுக்க வேண்டியிருந்தது. டாஹாவ் முகாமிலிருந்து நேரே மியூனிக். அங்கே ஹிட்லரின் வீட்டுக் குளியல் தொட்டியில் அவர் குளிக்கிற படத்தைச் சக புகைப்படக்காரர் டேவிட் ஷெர்மன் எடுத்தார். தொட்டிக்கு முன்னால் அவருடைய பூட்ஸ். கால்மிதியில் டாஹாவின் சேறு.

போர் முடிந்தது. 1947-ல் கல்யாணம், ஒரு மகன். 1949-லிருந்து இங்கிலாந்தின் சசெக்ஸில் பண்ணை வீடு. பிறகு குடி, மனச்சோர்வு, வீட்டில் சண்டை. உங்களை உற்சாகமாக வைத்திருப்பதற்காக உலகத்தை நிரந்தரமாகப் போரிலேயே வைத்திருக்க முடியாது என்ற பொருளில் ஒரு மருத்துவர் அவரிடம் சொன்னதாக மகன் எழுதியிருக்கிறார். அப்போது இந்த நோய்க்குப் பெயர்கூட இல்லை என்பதை நினைத்துக்கொண்டு அந்த மருத்துவரை மன்னிக்கப் பார்க்கிறேன்.

மில்லர் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டுச் சமையலில் இறங்கினார். சும்மா பொழுதுபோக்காக அல்ல. பாரிஸ் போய்ச் சமையல் பள்ளியில் படித்தார், போட்டிகளில் பரிசு வாங்கினார், பச்சை நிறக் கோழிக்கறி போன்ற விசித்திரங்களை விருந்தினருக்குப் பரிமாறினார். போரைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். 1977-ல் இறந்தார். அதற்குப் பிறகு மருமகள் வேறு எதையோ தேடிப் பரணில் ஏற, சுமார் 60,000 நெகட்டிவ்களும் பிரிண்டுகளும் எழுத்துப் பிரதிகளும் பெட்டி பெட்டியாக இருந்தன. தன் அம்மா யார் என்று மகனுக்கு அன்றுதான் தெரிந்தது. அதுவரை குடித்துவிட்டுக் கத்துகிற ஒரு பெண்ணாக மட்டுமே அறிந்திருந்தார்.

முப்பது வருடம் காலத்துக்குப் போதுமான அவகாசம்தான்.

பட்டினியால் சுருண்டு கிடக்கும் குழந்தைக்குப் பின்னால் கழுகு உட்கார்ந்திருக்குமே, அந்தப் படத்தை எடுத்தவர் குற்றவுணர்ச்சியால் தற்கொலை செய்துகொண்டார் என்பது உண்மையா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையை அப்படியே நம்ப வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் கெவின் கார்ட்டர் 1993 மார்ச்சில் தெற்கு சூடானின் அயோட் என்ற ஊரில் அந்தப் படத்தை எடுத்தார். பறவை, சரியாகச் சொன்னால், பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு. ஐ.நா. உணவு மையத்துக்குப் பக்கத்தில் எடுக்கப்பட்டது. நியூயார்க் டைம்ஸில் வெளியான சில நாட்களிலேயே, குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டதால், பறவையை விரட்டிய பிறகு குழந்தை தொடர்ந்து நகரும் அளவுக்குத் தெம்போடு இருந்ததாகப் புகைப்படக்காரர் சொல்கிறார் என்று பத்திரிகை குறிப்பு போட்டது. 2011-ல் ஸ்பானியப் பத்திரிகை ஒன்று அந்த ஊருக்கே போய் விசாரித்தது. அது பெண் குழந்தை அல்ல, ஆண் குழந்தை. அந்தப் பஞ்சத்தைத் தாண்டிப் பிழைத்து, பல வருடம் கழித்துக் காய்ச்சலால் இறந்தவன் என்று தந்தை சொன்னார். கார்ட்டருக்கு இது தெரியாமலே போயிற்று.

"அங்கே இரண்டு கழுகுகள் இருந்தன, ஒன்றின் கையில் கேமரா" என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னதாக வரும் கதைக்கு ஆதாரம் கிடையாது. ஆனால் அவரும் ஒரு கழுகுதான் என்கிற தொனியில் அமெரிக்க நாளிதழ் ஒன்று எழுதியது உண்மை.

1994 ஏப்ரலில் அந்தப் படத்துக்குப் புலிட்சர் பத்திரிகை விருது அறிவிக்கப்பட்டது. சில நாட்களிலேயே, 18-ஆம் தேதி, ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த தோக்கோசாவில் நடந்த மோதலில் அவருடைய நெருங்கிய நண்பர் கென் ஊஸ்டர்புரூக் சுட்டுக்கொல்லப்பட்டார்; இன்னொரு நண்பர் கிரெக் மரினோவிச் படுகாயமடைந்தார். அந்த நேரத்தில் கார்ட்டர் அங்கே இல்லை. அதற்குள் போதைப்பழக்கம், பணத்தட்டுப்பாடு, பல வருடத்து வன்முறைக் காட்சிகள் எல்லாம் சேர்ந்திருந்தன. ஜூலை 27 அன்று, 33 வயதில் இறந்தார். ஒரு படம் ஒரு மனிதனைக் கொன்றது என்று சொல்வது சுருக்கமாக இருக்கிறது, அதனால்தான் பரவுகிறது. இப்படிப்பட்ட சாவுக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை.

படமெடுக்கிற நேரத்தில் உதவி செய்திருக்கலாமே?

நிறைய பேர் செய்கிறார்கள். அது படத்தில் தெரியாது. காயம்பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது கையில் கேமரா இருக்காது. ஆனால் உங்கள் கேள்வியை அவர்கள் தங்களிடமே ஆயிரம் தடவை கேட்டிருப்பார்கள். செத்துவிடுவோமோ என்ற பயத்தால் வரும் காயம் ஒன்று. செய்திருக்க வேண்டியதைச் செய்யவில்லை என்ற மனச்சாட்சியின் காயம் இன்னொன்று. இரண்டாவதை மருத்துவர்கள் இப்போது தனியாகவே கவனிக்கிறார்கள். ஆபத்து தீர்ந்துவிட்டது என்று சொல்லி முதலாவதை ஆற்றலாம். இரண்டாவதுக்கு அந்தச் சமாதானம் எடுபடாது, ஏனென்றால் ஆபத்து வேறொருவருடையது, அவருக்கு அது தீரவில்லை.

சிகிச்சை இருக்கிறதா?

இருக்கிறது, பலருக்குப் பலிக்கிறது. அதிர்ச்சி நினைவை நேராகக் கையாளும் பேச்சுச் சிகிச்சைகள் முதலிடத்தில் உள்ளன. பயிற்சி பெற்ற சிகிச்சையாளரோடு உட்கார்ந்து, அந்த நினைவை முழுதாக, பாதுகாப்பான இடத்தில் திரும்பச் சொல்லி, "என்னால்தான் நடந்தது" போன்ற முடிவுகளைச் சோதித்துப் பார்ப்பது. வழக்கமாக எட்டு முதல் பன்னிரண்டு அமர்வுகள். விழிகளை இடவலமாக அசைத்தபடி நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். முறையும் உலக அளவில் ஏற்கப்பட்டது. மருந்து தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்றவற்றை மனநல மருத்துவர் தருவார்.

ஆகாதவை இரண்டு. சம்பவம் நடந்த உடனே எல்லோரையும் உட்காரவைத்து ஒரே அமர்வில் கொட்டித் தீர்க்கச் சொல்வது ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. இன்னொன்று, தூக்கத்துக்காகக் குடிப்பது. முதல் வாரம் தூங்கவைக்கும். பிறகு கனவையும் கெடுத்து, தன் கணக்கையும் தனியாகச் சேர்த்துவிடும்.

நம் பக்கத்தில் இன்னொரு தடை உண்டு. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்பதை வசைச்சொல்லாக வைத்திருக்கிற ஊரில், மனநல மருத்துவரிடம் போகிறேன் என்று செய்தி அறையில் யார் சொல்வார்கள்?

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

"என்னதான் பார்த்தே, சொல்லு" என்று தோண்ட வேண்டாம். "விடு, அதை நினைக்காதே" என்றும் சொல்ல வேண்டாம். பேச வந்தால் கேட்பது, வராதபோது பக்கத்தில் இருப்பது. சாப்பாட்டு நேரம், தூங்கும் நேரம், பிள்ளைகளோடு இருக்கும் நேரம் முன்னே பின்னே ஆகாமல் இருந்தாலே பெரிய உதவி. தூங்கிக்கொண்டிருப்பவரைத் தொட்டு எழுப்பாதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கோபம் உங்கள் மேல் திரும்பினால், நோய் என்பதற்காக அடியை வாங்கிக்கொள்ள வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சாவைப் பற்றிப் பேசினால் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

போர்க்களமே சொந்த ஊராக இருந்தவர்களுக்கு?

"வீடு திரும்புதல்" என்ற சொல்லே வெளியூரிலிருந்து போனவர்களுக்கு உரியது. கார்ட்டரும் நண்பர்களும் விடியற்காலையில் தோக்கோசாவுக்கு ஓட்டிப்போய், பகலில் வீட்டுக்கு வந்துவிடக்கூடியவர்கள். கிளம்பும் இடமும் களமும் ஒரே நகரத்தின் இரு முனைகள். 2009-ல் வன்னியில் கேமரா வைத்திருந்தவர்களுக்கு அந்தத் தூரம்கூடக் கிடையாது. அவர்கள் படமெடுத்த பதுங்குகுழியில் அவர்களுடைய பிள்ளைகளும் இருந்தார்கள். இதைப் படிக்கும் ஈழத்தவர் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காசாவின் புகைப்படக்காரர் சமர் அபு எலூஃப் 2023 டிசம்பரில் வெளியேற்றப்பட்டுத் தோஹாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே தன் குடியிருப்பு வளாகத்திலேயே, குண்டுவீச்சில் இரு கைகளையும் இழந்த காசாச் சிறுவன் ஒருவனைச் சந்தித்துப் படமெடுத்தார். 2025-ல் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது அந்தப் படத்துக்குத்தான். ஊரைவிட்டு வந்தாலும் ஊர் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது. இவர்களுக்குப் "பிந்தைய" என்ற சொல் எப்போது பொருந்தத் தொடங்கும்?

நான் பத்திரிகை டெஸ்கில் படங்களைத் தேர்வுசெய்பவன் மட்டும். எனக்கும் இது வருமா?

வரலாம். வேலையின் பகுதியாகத் திரையில் திரும்பத் திரும்பக் காண்பதும் 2013-லிருந்து நோய் வரையறைக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது. செய்தி அறைகளுக்கு வரும் வன்முறைக் காணொளிகளைக் கையாள்பவர்களை ஆராய்ந்தபோது, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைவிட எத்தனை அடிக்கடி பார்த்தார்கள் என்பதே அதிகம் பாதித்தது தெரிந்தது. ஆகவே நாள் முழுக்கச் சிதறலாகப் பார்க்காதீர்கள். ஒரே வேளையில் பார்த்து முடியுங்கள். ஒலியை அணைத்துவிடுங்கள். படத்தைச் சிறிதாக வைத்துப் பாருங்கள். இரவில் கைபேசியில் வேண்டவே வேண்டாம்.

குணமான பிறகு மறுபடி களத்துக்குப் போகலாமா?

போனவர்கள் இருக்கிறார்கள். கார்ட்டரின் தென்னாப்பிரிக்க நண்பர் குழுவைச் சேர்ந்த ஜோவா சில்வா 2010 அக்டோபரில் ஆப்கானிஸ்தானில் கண்ணிவெடியில் இரு கால்களையும் இழந்தார். அடுத்த ஆண்டே செயற்கைக் கால்களோடு எடுத்த படம் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் வந்தது. மக்கலின் 77 வயதில், 2012-ல், சிரியாவின் அலெப்போவுக்குப் போனார். எதற்கு என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. பழக்கம், கடமை, போதை மூன்றும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கும் இடம் அது. போகலாமா என்பதை முடிவுசெய்யும்போது வீட்டில் இருப்பவர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

உதவிக்கு எங்கே கூப்பிடுவது?

இந்தியாவில் டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. முதல் தடவை போகும்போது யாரையாவது துணைக்கு அழைத்துப் போங்கள், காத்திருக்கும் நேரம் கொஞ்சம் அதிகம்.